இவ்விடம் எவ்விடம்

டோக்கியோ
18 டிசம்பர் 2603 (பழைய கணக்கில் 1943)

அன்புள்ள சந்திராவுக்கு,

உயிரோடு வந்து சேர்ந்தேன் என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீ மீதிக் கடிதத்தைப் படிக்க மாட்டாய் என்பது எனக்குத் தெரியும். சியோனானில், நம் பழைய சிங்கப்பூரில், கப்பல் ஏறி இருபது நாள். நீர்மூழ்கிக்குப் பயந்து கப்பல் நேராகவே வரவில்லை, வளைந்து வளைந்துதான் வந்தது. என் குடலும் அப்படியே. கப்பல் சமையல்கட்டில் யார் இருந்தது என்று நினைக்கிறாய்? தெங்கேரா தேவதாஸ்! நம் பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்பு வரை படித்தவன். "சார்" என்று அவன் கூப்பிட்டதும் எனக்குப் பாதி மயக்கம் தெளிந்தது. தினமும் இஞ்சித் தண்ணீர் வைத்துக் கொடுத்து என்னைக் கரை சேர்த்தவன் அவன்தான்.

இந்தக் குளிரை உனக்கு எப்படி எழுதுவது? ஐஸ் கட்டியைக் கையில் பிடித்தால் ஒரு வலி வருமே, அந்த வலி இங்கே காது, மூக்கு, முழங்கால் எல்லாவற்றிலும் வருகிறது. துறைமுகத்தில் இறங்கி "வணக்கம்" சொல்ல வாயைத் திறந்தேன், புகை வந்தது. வரவேற்க வந்த அதிகாரி கும்பிட, நான் புகையோடு கும்பிட, ஒரே வேடிக்கை.

ஜப்பானைப் பார்க்க அழைத்து வந்த எங்கள் ஆசிரியர் குழுவுக்குக் கொடுத்த விடுதி கடலை ஒட்டி இருக்கிறது. இந்தக் கடல் நம் ஊர்க் கடலைப் போலக் கலங்கலாக இல்லை. கறுநீலம், பார்த்தாலே பல் கிட்டுகிறது. இவ்வளவு பெரிய தலைநகரம், ஆனால் இந்த மாதத்தில் கரையில் காற்று வாங்க ஒருவரும் வருவதில்லை. நான் மட்டும் காலையில் போய்த் தென்மேற்குப் பக்கமாக ஐந்து நிமிஷம் நின்றுவிட்டு வருகிறேன். நீ அந்தத் திக்கில்தான் இருக்கிறாய் என்று ஒரு உத்தேசம்.

குளியலைப் பற்றி எழுதினால் திட்டுவாய். ஒரே தொட்டி, கொதிக்கும் தண்ணீர், ஒன்பது ஆண்கள், யார் மேலும் ஒரு நூல் துணி கிடையாது. முதல் நாள் நான் வேட்டியோடு இறங்கிவிட்டேன். விடுதிக்காரர் ஓடி வந்து, கும்பிட்டுக் கும்பிட்டே என்னை வெளியேற்றினார்.

இவ்விடம் வந்திருக்கும் நம்மவர்கள் யாவரும் சுகம். மூன்று வேளையும் அரிசிச் சோறு, மீன், காய்கறி. ஆளுக்கு இரண்டு கம்பளி, தடித்த சட்டை, காலுக்குச் சப்பாத்து. இருமினால் டாக்டர் வந்துவிடுகிறார். அதிகாரிகள் எங்களை மரியாதையாக நடத்துகிறார்கள். ஆள் செத்தான், அது இது என்று ஊரில் கிளம்பும் வதந்தி எதையும் காதில் வாங்காதே. அவ்விடச் சேதிக்கு உடனே எழுது.

புறப்படும்போது சொன்னதை மறக்க வேண்டாம். நான் எங்கே போயிருக்கிறேன் என்பது வெளியே தெரியக் கூடாது என்பது அதிகாரிகளின் கட்டளை. கப்பல்களுக்கு ஆபத்து. சித்திரையில் திரும்பி வந்த பிறகு ஊரைக் கூட்டி நானே சொல்லிக்கொள்கிறேன். உன் தம்பிக்கும் சொல்லாதே. மருது நல்ல பையன்தான், ஆனால் அவன் வாயும் கோப்பிக் கடை வாசலும் ஒன்று.

உன் அன்பு மறவாத
சேதுராமன்


காஜா பேராங், மலாக்கா
சுபானு வருடம் மார்கழி 28

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மூன்று தடவை படித்தேன். முதல் தடவை அழுதேன், இரண்டாம் தடவை வேட்டிக்குச் சிரித்தேன், மூன்றாம் தடவை எரிச்சல் வந்தது. மூன்று வேளை அரிசிச் சோறாமே! இங்கே வாரத்துக்கு ஒருமுறை கியூவில் நின்று வாங்கும் அரிசி, என் இரண்டு கையும் சேர்ந்தால் நிரம்பாது. மற்ற நாளெல்லாம் மரவள்ளிக்கிழங்குதான். அவித்தால் கிழங்கு, இடித்தால் மாவு, தட்டினால் ரொட்டி, எல்லாம் ஒரே சனியன். சோற்றைப் பற்றி எழுதும்போது கொஞ்சம் அடக்கமாக எழுதினால் என்ன?

இந்தக் கடிதத்தையும் யாராவது படித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். படிக்கட்டும், நான் கிழங்கைத்தான் திட்டுகிறேன்.

ஆனால் என் பெரிய புகார் அது இல்லை. நீங்கள் வாயைக் கட்டிவிட்டுப் போய்விட்டீர்கள், நான் ஊர் முகத்தில் விழிக்க முடியாமல் கிடக்கிறேன். நீங்கள் கம்பளியைச் சுருட்டிக்கொண்டு ஜப்பான்காரன் லாரியில் ஏறியதைத் திடலில் அத்தனை பேரும் பார்த்தார்கள். எங்கே என்று கேட்டவர்களிடம் "வேலையா வெளியூர் போயிருக்காங்க" என்றேன். அந்த வார்த்தைக்கு இந்த ஊரில் இப்போது ஒரே அர்த்தம்தான், சயாம் ரயில்பாதை வேலை. அடுத்த வீட்டுப் பொன்னம்மா என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "மாஸ்டரு நல்ல மனுஷன்க்கா, தண்டவாளம் தூக்குற கையா அது" என்று அழுதாள். பாதித் தேங்காய் கொடுத்தாள், போன வாரம் ஒரு முட்டை. அவள் வீட்டில் மூன்று பிள்ளைகள் கிழங்கு தின்கிறார்கள். அந்த முட்டையை வாங்கிக்கொண்டு உள்ளே வந்து நின்றேன், என்னால் அவிக்கவே முடியவில்லை. மருது இரண்டு நாளைக்கு ஒருதரம் வந்து, "மாமாகிட்டயிருந்து சேதி வந்துச்சா" என்று கேட்கிறான். அம்மா போனதிலிருந்து நான் சோறு ஊட்டி வளர்த்த பிள்ளை, அவனிடம் பொய் சொல்ல வைத்துவிட்டீர்கள். பொன்னம்மாவுக்கும் மருதுவுக்கும் மட்டுமாவது சொல்ல அனுமதி கொடுங்கள்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தைப் பண்டார் ஹிலிர் ஜப்பான் ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி கலியாணசுந்தரம் அவரே கொண்டுவந்து கொடுத்தார். பிரித்துத்தான் இருந்தது. "நல்ல எழுத்தும்மா, பேப்பர்ல போடலாம், ரெண்டு நாள் குடுங்க" என்று திரும்ப வாங்கிக்கொண்டு போனார். வந்தபோது மேல் ஓரம் இரண்டு விரல் அகலத்துக்குக் கத்தரித்திருந்தது. ஊரும் தேதியும் போய்விட்டன. கேட்டால், "பாதுகாப்பும்மா" என்கிறார். என் பெயருக்கு வந்த கடிதத்தைக் கத்தரிக்க இவர் யார்? எனக்கு இது பிடிக்கவே இல்லை.

காதை மூடிக்கொண்டு திரியுங்கள். குளிரில் உங்களுக்குச் சீக்கிரம் சளி பிடிக்கும்.

உங்கள்
சந்திரமதி


டோக்கியோ
3 பிப்ரவரி 2604

அன்புள்ள சந்திராவுக்கு,

உன் கோபம் பத்திரமாக வந்து சேர்ந்தது. அந்தச் சூட்டில் இங்கே கரியடுப்பு இல்லாமலே ஒரு நாள் கழிந்தது!

பனி பெய்தது, சந்திரா. விடிந்து ஜன்னலைத் தள்ளினால் ஊரே காணோம். கூரை, மரம், தெரு, கரையில் கட்டியிருந்த படகு எல்லாம் வெள்ளை. கடல் மட்டும் கறுப்பாகக் கிடந்தது. நான் சின்னப் பையனைப் போல வெளியே ஓடிக் கையில் அள்ளிப் பார்த்தேன். சத்தமே இல்லாமல் விழுகிறது. நம் ஊர் மழை கூரையை உடைக்கும், இது அரைப்படி மாவைச் சலிப்பதுபோல் இருக்கிறது. உனக்குக் காட்ட முடியவில்லையே என்று அன்று முழுவதும் எனக்கு மனசு சரியில்லை.

அரண்மனையை அகழிக்கு இந்தப் பக்கம் நின்று வணங்கினோம். பள்ளிக்கூடங்கள் பார்த்தோம். இந்த ஊர்ப் பிள்ளைகள் இந்தக் குளிரில் வெறுங்காலோடு உடற்பயிற்சி செய்கிறார்கள்.

என் கடிதம் பேப்பரில் வரப்போகிறது என்று எழுதியிருந்தாய். அதற்கா கோபம்? பதினாறு வருஷம் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்தவன், ஒருமுறையாவது அச்சில் வரக் கூடாதா? இரண்டு பிரதி வாங்கி வை. கலியாணசுந்தரம் ஓரத்தைக் கத்தரித்தது விதிப்படிதான். அவரிடம் சண்டைக்குப் போகாதே. எங்கள் குழுத் தலைவர் என்னைத் தனியாக அழைத்து, ஊர் திரும்பியதும் மலாக்கா வட்டாரத் தமிழ்ப் பள்ளிகளுக்கெல்லாம் நானே இன்ஸ்பெக்டர் என்று சொல்லியிருக்கிறார். இதையும் இப்போது யாரிடமும் சொல்ல வேண்டாம்.

பொன்னம்மாவுக்கும் மருதுவுக்கும் சொல்லும் விஷயம், முடியாது. கட்டளை என்றால் கட்டளை. அவள் அழுதால் அழட்டும், நான் வந்து நிற்கும்போது சிரிக்கப் போகிறாள். முட்டையை அவித்துச் சாப்பிடு. வரும்போது உனக்குப் பட்டு வாங்கி வருகிறேன்.

உன் அன்பு மறவாத
சேதுராமன்


காஜா பேராங், மலாக்கா
சுபானு வருடம் மாசி 12

அத்தானுக்கு,

இது ஆபீஸ் வழியாக வரவில்லை. தேவதாஸ் லீவில் வந்திருந்தான், அவன் கையில் கொடுத்திருக்கிறேன். அதனால் ஒளிவு மறைவு இல்லாமல் எழுதுகிறேன்.

மருது போய்விட்டான். சயாமுக்கு.

உங்கள் கடிதம்தான் அவனைக் கொண்டுபோனது. என்ன, எப்படி என்று கேட்பீர்கள். கேளுங்கள்.

தைப்பூசம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை திடலுக்கு எல்லோரும் வர வேண்டும் என்று ஆபீஸில் தண்டோரா போட்டார்கள். எனக்குக் காய்ச்சல், நான் போகவில்லை. போயிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இல்லை. கலியாணசுந்தரம் மேஜைமேல் ஏறி நின்று, சயாமில் ரயில்பாதை வேலைக்கு ஆள் வேண்டும் என்று பேசியிருக்கிறார். ஒரு கை உயரவில்லை. உயருமா? போன மாதம் பக்கத்துத் தம்பின் ஊருக்கு ஒருவன் சயாமிலிருந்து திரும்பி வந்தான், முழங்காலுக்குக் கீழே புண், எலும்பு தெரிகிறது. அவனோடு போனவர்கள் அறுபது பேர், வந்தது அவன் ஒருவன். காஜா பேராங்கில் இது தெரியாதவர் யார்? ஒரு கையும் உயராததைப் பார்த்து இந்த மனுஷன் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாராம், அச்சுக்கு வேண்டும் என்று என்னிடம் மறுபடி வாங்கிப் போயிருந்த உங்கள் முதல் கடிதம். "நம்ம வாத்தியாரு கைப்பட எழுதுன கடுதாசி. நான் சொன்னா நம்ப மாட்டீங்க, வாத்தியாரு சொன்னா நம்புவீங்கல்ல?" என்று கேட்டுவிட்டு வாசித்தாராம். "இவ்விடம் வந்திருக்கும் நம்மவர்கள் யாவரும் சுகம். மூன்று வேளையும் அரிசிச் சோறு."

அந்தப் பத்தி மட்டும்தான். குளிர் இல்லை, கடல் இல்லை, குளியல் இல்லை. சயாம் என்று அவர் சொல்லவில்லை, டோக்கியோ என்றும் சொல்லவில்லை. "இவ்விடம்" என்றார், அவ்வளவுதான். நீங்கள் எங்கே போனீர்கள் என்று ஊர் முன்பே முடிவு கட்டி வைத்திருந்தது. முன்வரிசையில் நின்றவன் எல்லாம் உங்களிடம் கடிதம் எழுதப் படித்தவன். இவ்விடம் யாவரும் சுகம், அவ்விடச் சேதிக்கு எழுது என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்ய வைத்தீர்களே, அந்தப் பிள்ளைகள்! "சாரோட வாசகம்தான்டா, சாரேதான்" என்று அவர்களே ஒருவருக்கொருவர் சாட்சி சொன்னார்களாம். காகிதத்தை அந்தப் பத்தி மட்டும் தெரிய மடித்து முன்வரிசையில் காட்டவும் செய்திருக்கிறார். பதினைந்து பேர் அங்கேயே பெயர் கொடுத்தார்கள்.

அதில் ஒருவன் என் தம்பி. அவன் சோற்றுக்காகப் பெயர் கொடுக்கவில்லை. வியாழக்கிழமை லாரி ஏறும் முன்னால் பொன்னம்மாவிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்: "அக்காகிட்ட இப்ப சொல்லாதீங்க, அழுவும். மாமா அங்க தனியா கெடக்குது. நான் போயி கூட இருந்து பாத்துக்கறேன்." உங்களுக்கென்று ஒரு பொட்டலம் கருவாடு வாங்கிக்கொண்டு போனானாம். எனக்குச் சேதி தெரிந்து தலைவிரி கோலமாகத் திடலுக்கு ஓடினேன். அதற்குள் லாரி தம்பின் ஸ்டேஷனுக்குப் போய் ரயிலும் புறப்பட்டுவிட்டது.

மருதுவுக்குச் சொல்லாதே, சொல்லாதே என்று இரண்டு கடிதத்தில் எழுதினீர்கள். நானும் ஒரு மடச்சி, கேட்டேன். ஒரே ஒரு வார்த்தை அவனிடம் சொல்லியிருந்தால் இன்றைக்கு என் வாசலில் உட்கார்ந்து கிழங்கு தின்றுகொண்டிருப்பான். என் மேல் எனக்கு இருக்கிற ஆத்திரம் எனக்கே தெரியும். உங்கள் மேல் இருப்பது அதைவிடக் கொஞ்சம் கூடுதல். அழட்டும் என்று எழுதினீர்களே, அத்தான், அந்த வரியை எப்படி எழுத வந்தது உங்களுக்கு?

இப்போது கேளுங்கள். அடுத்த லாரி பங்குனி 15ஆம் தேதி. முப்பத்தொரு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், பொன்னம்மா புருஷன் மாணிக்கம் உட்பட. இதை நிறுத்த ஒரு வழிதான் எனக்குத் தெரிகிறது. எனக்கு ஒரு வரி எழுதுங்கள். "நான் டோக்கியோவில் இருக்கிறேன், சயாமை நான் கண்ணால் கண்டதில்லை." அவ்வளவுதான், உங்கள் கையெழுத்தில், கீழே உங்கள் பெயரோடு. தேவதாஸ் அதே கப்பலில் திரும்பி வருகிறான், அவனிடம் கொடுங்கள். ஒருவர் கண்ணிலும் படாது. நான் வீடு வீடாகக் கொண்டுபோய்க் காட்டுகிறேன், ஆபீஸ் பக்கம் போக மாட்டேன். எப்படியாவது லாரிக்கு முன்னால் வந்துவிட்டால் நல்லது. பிந்தினாலும் அனுப்புங்கள், அதற்கடுத்த லாரிக்கு ஆகும்.

பட்டு வேண்டாம், பேப்பர் பிரதி வேண்டாம், ஒன்றும் வேண்டாம். அந்த ஒரு வரி.

சந்திரமதி


டோக்கியோ
14 மார்ச் 2604

அன்புள்ள சந்திராவுக்கு,

தேவதாஸ் கடிதத்தைக் கொடுத்தான். மருது போன சேதியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அவன் எனக்கும் தம்பிதான், அதை நீ சந்தேகப்படாதே. ஆனால் அவன் இளவட்டம், உடம்பு இரும்பு. சயாமைப் பற்றி ஊரில் சொல்வதெல்லாம் உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நான் இங்கே ஒரு அதிகாரியிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். தொழிலாளர் யாவரும் நலம் என்றார். அதற்கு மேல் கேட்பது நாகரிகம் இல்லை.

உன் கடிதத்தில் ஒரு விஷயம் என்னைப் புண்படுத்தியது. என் கடிதம் அவனைக் கொண்டுபோனது என்கிறாய். என் கடிதத்தில் ஒரு சொல்லாவது பொய் உண்டா? நிதானமாக யோசி. "இ" என்பது அண்மைச் சுட்டு. இவ்விடம் என்றால் எழுதுகிறவன் இருக்கும் இடம். இது மூன்றாம் வகுப்புப் பாடம். வாசித்தவர் ஒரு இடத்தை நினைத்து வாசித்து, கேட்டவர்கள் வேறு இடத்தை நினைத்துக் கேட்டால், எழுதினவன் எப்படிப் பொறுப்பாவான்?

நீ கேட்கும் வரியை என்னால் எழுத முடியாது. கோபப்படாமல் கேள். அது யார் கையிலாவது சிக்கினால், நான் ராணுவ இரகசியத்தை வெளியிட்டவன் ஆவேன். என்னை மட்டுமா, உன்னையும் பிடிப்பார்கள். இன்ஸ்பெக்டர் உத்தரவு தட்டெழுதி ஆகிவிட்டது, கையெழுத்துதான் பாக்கி. அந்தப் பதவியில் உட்கார்ந்தால் எத்தனையோ பேருக்கு நல்லது செய்யலாம், மருதுவைக்கூட விசாரித்து வரவழைக்கலாம். இப்போது அவசரப்பட்டு எல்லாவற்றையும் கெடுத்துக்கொள்வதா?

குளிர் குறைந்துவிட்டது. கடலோரத்தில் ஒரு மரம் இலையே இல்லாமல் பூத்து நிற்கிறது. சித்திரை முதல் வாரம் புறப்படுகிறோம். உனக்கு ஒரு பட்டுத் துணி வாங்கி வைத்திருக்கிறேன், வேண்டாம் என்று நீ எழுதியதை நான் படிக்கவில்லை என்று வைத்துக்கொள். அதுவரை ஒருவரிடமும் வாய் திறக்காமல் இரு. மற்றதை நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

உன் அன்பு மறவாத
சேதுராமன்


காஜா பேராங், மலாக்கா
சுபானு வருடம் பங்குனி 25

சேதுராமன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் 22ஆம் தேதி தேவதாஸ் கொண்டுவந்து கொடுத்தான். லாரி போய் ஏழு நாள் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் இங்கே நடந்ததை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

உங்கள் வரிக்காகக் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. வாய் திறக்காதே என்ற உங்கள் கட்டளையை நானே உடைத்தேன். மாசிக் கடைசியில் காஜா பேராங்கிலும் தெங்கேராவிலும் பெயர் கொடுத்தவர்கள் வீடு ஒவ்வொன்றாக ஏறினேன். அவர் டோக்கியோவில் இருக்கிறார், சயாமில் இல்லை என்று சொன்னேன். யாராவது நம்பினார்களா? பொன்னம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "டோக்கியோவா? அப்ப இத்தன நாளு நான் குடுத்த தேங்காயும் முட்டையும் டோக்கியோ வாத்தியாரு பொண்டாட்டிக்கா?" என்று கேட்டாள். மாணிக்கம் குத்தலாகச் சிரித்தார். "ஒங்க தம்பி போயாச்சு, ஒங்க வீட்டுக்காரரு போயாச்சு. ரெண்டு பேரும் சோறு திங்கிறாங்க. மத்தவன் போனா மட்டும் ஒங்களுக்கு எரியுது, இல்ல?" என்றார். உங்கள் முதல் கடிதம் கிராணி பையிலேயே இருக்கிறது. இரண்டாவதையும் பாதுகாப்பு என்று சொல்லி அவரே பிடுங்கிக்கொண்டு போய்விட்டார், எடுத்துக் காட்ட என் கையில் ஒரு காகிதமும் இல்லை. உங்கள் கையெழுத்தைத்தான் அவர்கள் கேட்டார்கள்.

லாரிக்கு மூன்று நாள் இருந்தது. பங்குனி 12, சனிக்கிழமை, அரிசிக் கியூ. ஊரே அங்கேதான் நிற்கும். காலையில் எழுந்து குளித்தேன். கண்ணாடிமுன் நின்று நெற்றியை அழித்தேன். தாலியைக் கழற்றி அரிசிப் பானைக்குள் போட்டேன், பானை காலிதான். வளையலை அம்மிக் கல்லில் தட்டி உடைத்தேன். தலையை விரித்துப் போட்டுக்கொண்டு கியூவுக்கு நடந்து போனேன்.

ஒருவர்கூட என்னிடம் உண்மையா என்று கேட்கவில்லை. டோக்கியோவில் இருக்கிறார் என்றபோது ஆயிரம் கேள்வி கேட்டவர்கள், வெறும் நெற்றியைப் பார்த்ததும் ஒதுங்கி வழி விட்டார்கள். தாலியைக் கழற்றிவிட்டு ஒருத்தி பொய் சொல்லுவாள் என்பது நம் ஜனங்களுக்குக் கனவிலும் தோன்றாது. பொன்னம்மாதான் முதலில் ஓடி வந்தாள். "மாஸ்டரு போய்ட்டாராக்கா? சயாம்லயா?" என்றாள். ஆமாம் என்றேன். "என்னாக்கா ஆச்சு?" பேதி என்றேன். "நெசத்தைச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு டோக்கியோன்னு சொன்னியா, பாவி" என்று என்னைக் கட்டிக்கொண்டு கதறினாள். கியூ முழுவதும் கலைந்து என்னைச் சுற்றி நின்றது. உங்களிடம் படித்த ஆண்பிள்ளைகள் மரத்தடியில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்கள். நானும் அழுதேன். அந்த அழுகையில் நடிப்பு ஒன்றுமில்லை. தென்மேற்குப் பக்கமாக நின்று என்னைப் பார்க்கிறேன் என்று எழுதினீர்களே, அந்த மனுஷனுக்காக அழுதேன்.

சாயங்காலம் கலியாணசுந்தரம் வந்தார், மூச்சு இரைக்க. வீடு நிறையப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னம்மா இது அமங்கலமா! வாத்தியாரு நல்லா இருக்காரு!" என்று கத்தினார்.

"எங்க நல்லா இருக்காரு?" என்று கேட்டேன்.

"டோ..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார்.

"சொல்லுங்க கிராணி. எந்த ஊர்ல நல்லா இருக்காரு? நாளைக்குத் திடல்ல மேஜை போட்டு ஏறி நின்னு அந்த ஊர் பேரைச் சொல்லுங்க. நான் இப்பவே தாலிய எடுத்துக் கட்டிக்கறேன்."

அவருக்கு நெற்றியெல்லாம் வேர்த்தது. டோக்கியோ என்று சொன்னால் திடலில் வாசித்தது பித்தலாட்டம் என்று ஆகும். என்னைப் பிடித்துக் கொடுத்தால் மேலிடத்தில் அவர் கதையும் வெளியே வரும். பெண்கள் எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில், "ஆழ்ந்த அனுதாபம்மா" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்தார். அந்த முகத்தைப் பார்த்தபோது, இத்தனை மாதத்தில் முதல் தடவையாக எனக்கு வயிறு குளிர்ந்தது.

15ஆம் தேதி லாரியில் ஏறியது மூன்று பேர், வெளியூர்த் தோட்டத்துக்காரர்கள், அவர்களுக்குச் சேதி போய்ச் சேரவில்லை. மற்ற இருபத்தெட்டுப் பேரும் வரவில்லை. மாணிக்கம் ராத்திரியோடு ராத்திரியாக எங்கேயோ தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். இனிமேல் வீடு புகுந்து பிடிப்பார்கள் என்று பேச்சு. பிடிக்க வந்தால் ஓடலாம், ஒளியலாம். சோறு கிடைக்கும் என்று நம்பித் தானாக ஏறுகிறவனை யார் காப்பாற்றுவது? மருதுவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அவன் அங்கே ஒவ்வொரு கொட்டகையாகப் போய் உங்களைத் தேடிக்கொண்டிருப்பான்.

இதை எல்லாம் செய்தபோதும் எனக்கு ஒரு எண்ணம் இருந்தது. தேவதாஸ் வருவான், அவன் கையில் உங்கள் வரி வரும். அதை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், நான் சொன்னது பொய், என்னை மன்னித்துக்கொள்ளுங்கள், ஆனால் சயாம் பொய் இல்லை, பாருங்கள் அவர் கையெழுத்து என்று காட்டுவேன். திட்டுவார்கள், காறித் துப்புவார்கள், பிறகு பொன்னம்மாவே எனக்குப் பொட்டு வைப்பாள். இப்படியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். உறையைப் பிரிக்கும்போது குங்குமச் சிமிழை மடியில் வைத்துக்கொண்டேன்.

மூன்று பக்கம் இருந்தது. அந்த வரி இல்லை. அண்மைச் சுட்டு இருந்தது.

பயம் என்று எழுதியிருந்தால் நான் மன்னித்திருப்பேன். எனக்கும் பயம்தான், சிப்பாயைக் கண்டால் நானும் வேலி ஓரமாக ஒதுங்கிக்கொள்கிறேன். நீங்கள் எழுதியது பயம் இல்லை. என் தம்பி போன இடத்துக்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லை என்று இலக்கணம் போட்டு நிரூபித்தீர்கள். அதற்கு அடுத்த பத்தியில் இன்ஸ்பெக்டர் உத்தரவு. அதற்கு அடுத்த பத்தியில் பூ. தேவதாஸ் கையில் வருகிற கடிதத்தை எவன் பிரிக்கப் போகிறான்? ஒருவரும் பிரிக்கவில்லை, நான்தான் பிரித்தேன். எனக்குக்கூட உண்மையை எழுத உங்களுக்கு மனசு வரவில்லையே.

12ஆம் தேதி நான் நெற்றியை அழித்தது பொய். உங்கள் கடிதத்தைப் படித்து முடித்து மடித்து வைத்தபோது அது பொய்யாக இல்லை. சிமிழை எடுத்துப் பொன்னம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

சித்திரையில் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். காஜா பேராங்குக்கு வராதீர்கள். நீங்கள் உடம்பு தேறி, சப்பாத்து போட்டுக்கொண்டு இந்தத் தெருவில் வந்து இறங்கினால், பார்த்தாயா, வாத்தியார் சயாமிலிருந்து எப்படித் திரும்பியிருக்கிறார் என்று கலியாணசுந்தரம் மறுபடி மேஜை போடுவார். இருபத்தெட்டு வீட்டுக்காரரும் மறுபடி பெயர் கொடுப்பார்கள். வேறு ஊரில் இன்ஸ்பெக்டராக இருங்கள். எங்கேயாவது மருதுவைக் கண்டால் அக்கா உயிரோடு இருக்கிறாள் என்று மட்டும் சொல்லுங்கள். பட்டுத் துணியை யாருக்காவது கொடுத்துவிடுங்கள், நான் இப்போது வெள்ளை உடுத்துகிறேன்.

நாளை மறுநாள் உங்களுக்குப் பதினாறாம் நாள். தெருப் பெண்கள் எல்லோரும் வருவார்கள். வீடு மெழுக வேண்டும், இத்துடன் நிறுத்துகிறேன்.

சந்திரமதி